பதினேழு முறை போய் வெறுங்கையோடு திரும்பியவர்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு வாசியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் உங்களில் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். அவர் இப்போது ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர். "சார், 61 பேர் எழுதினாங்க. 60 பேர் பாஸ். இந்த வருஷமும் ஒரு பையன்ல போச்சு சார்" என்றார். நான்கு வருடமாக இப்படித்தான். ஒன்று, அல்லது இரண்டு. மீட்டிங்கில் நூறு சதவீதம் எடுத்த பள்ளிகளை மேடைக்கு அழைத்துப் பாராட்டுவார்கள், மற்றவர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அப்படி எழுந்து நின்றவன்தான் நானும். அந்த நாற்காலி எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவருக்குச் சொல்ல வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. "நாளைக்குப் பேசலாம் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

படுத்த பிறகுதான் மைக் மார்ட்டின் ஞாபகத்துக்கு வந்தார்.

உங்களில் யாருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. 2019 மே, ஜூன் மாதங்களில் நானும் டீச்சரம்மாவும் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தோம். மாப்பிள்ளை மேல்படிப்பு படித்தது பக்கத்து மாநிலமான ஃப்ளோரிடாவின் தலைநகர் டலஹாசியில், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். ஒரு நாள் டிவி முன்னால் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த ஒரு பெரியவர் சீருடையோடு மைதான ஓரத்தில் நிற்பதைக் காட்டினார்கள். "மாமா, இவர் எங்க காலேஜ் கோச். 75 வயசு. இதான் கடைசி வருஷம். ரெண்டாயிரம் மேட்ச் ஜெயிச்சிருக்கார். ஆனா கப் மட்டும் கிடைக்கவே இல்ல" என்றார். வரலாற்று வாத்தியாருக்கு இது போதாதா? அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

கதைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பாடம். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். பந்து வீசுபவர் பிட்சர், மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவர் கேட்சர். அங்கே உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீக். நம் சென்னையில் கிரிக்கெட்டுக்குக் கீழ் டிவிஷன் முதல் ஃபர்ஸ்ட் டிவிஷன் வரை லீக் நடக்கிறதே, அப்படி ஒரு ஏணி. வித்தியாசம் என்னவென்றால், மைனர் லீக் ஆட்டக்காரர்கள் மேலே இருக்கும் ஏதாவது ஒரு பெரிய கிளப்பின் பிடியில் இருப்பார்கள். சொற்பச் சம்பளம், சின்னச் சின்ன ஊர்கள், நீண்ட பஸ் பயணம். என்றைக்காவது மேலே கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பு. பெரும்பாலோரைக் கூப்பிடுவதே இல்லை.

மார்ட்டினையும் கூப்பிடவில்லை. 1944-இல் பிறந்தவர், வட கரோலினா மாநிலத்துக்காரர். முதலில் விங்கேட் என்ற சிறு கல்லூரி, பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட். 1965-இல் அந்தப் பல்கலைக்கழக அணி கல்லூரிகளுக்கான உலகத் தொடருக்குத் தகுதி பெற்றபோது அவர் அதில் ஆட்டக்காரர். பெயர்தான் உலகத் தொடர், ஆடுவது எல்லாம் அமெரிக்கக் கல்லூரிகள்தான்! நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓமஹா என்ற ஊரில் 1950 முதல் நடக்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்கள் "போட்டிக்குப் போகிறோம்" என்று சொல்வதில்லை, "ஓமஹாவுக்குப் போகிறோம்" என்றுதான் சொல்வார்கள். இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்து நியூயார்க் மெட்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸ் கிளப்புகளின் மைனர் லீக் அணிகளில் மூன்று பருவங்கள் ஆடினார். அவ்வளவுதான். ஆட்டக்காரராக அவர் கதை அங்கே முடிந்தது.

டலஹாசிக்கே திரும்பி வந்தார். அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கூடைப்பந்து கோச்! தனக்குக் கிடைத்த வேலை தான் படித்த பாடம் இல்லையென்றாலும் அதை எடுத்து நடத்தியவர்கள் நம் பள்ளிகளில் எத்தனை பேர். புவியியல் படித்துவிட்டு ஆங்கிலம் எடுத்தவரை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். 1975-இல் தன் பழைய பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் உதவி கோச்சாகச் சேர்ந்தார்.

அங்கே 1979-இல் தலைமைக் கோச்சாக வந்தவர் டிக் ஹவுசர். அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், மேஜர் லீகில் ஆடியவர். ஒரே பருவம்தான் இருந்தார். நியூயார்க் யாங்கீஸ் கிளப் மேனேஜர் வேலைக்கு அழைத்தது, போய்விட்டார். காலியான நாற்காலியில் 1980-இல் உட்கார்ந்தவர்தான் மார்ட்டின். உட்கார்ந்தவர் 40 பருவம் எழுந்திருக்கவில்லை.

ஹவுசர் கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், தேவை இருக்கிறது. 1980-இல் அவருடைய யாங்கீஸ் 103 ஆட்டங்கள் ஜெயித்தது. ஆனால் அடுத்த கட்டத்தில் கான்சாஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டத்தையும் தோற்றது. 103 வெற்றி பெற்ற மனிதருக்கு வேலை போயிற்று. பிறகு அதே கான்சாஸ் சிட்டி அவரை எடுத்துக்கொண்டது. 1985-இல் அவர்களுக்கு உலகத் தொடரையே வாங்கிக் கொடுத்தார். இரண்டே வருடத்தில், 51 வயதில், மூளையில் கட்டி வந்து இறந்துபோனார். டலஹாசியில் இருக்கும் பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்கு அவர் பெயர்தான். 2005-இல் உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்கு மைக் மார்ட்டின் பெயரை வைத்தார்கள். ஸ்டேடியம் கோப்பை வாங்கியவர் பேரில், களம் வாங்காதவர் பேரில்.

இனி மார்ட்டினின் கணக்கு. 40 பருவம். ஒவ்வொரு பருவமும் குறைந்தது 40 வெற்றி. ஒரு வருடம்கூட விடாமல் தேசியப் போட்டிக்குத் தகுதி. மொத்தம் 2029 வெற்றி. கல்லூரி அணிகள் வழக்கமான பருவத்தில் ஆடுவதே அதிகபட்சம் 56 ஆட்டம், அதில் 40 என்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் எப்படிப்பட்ட அணியை வைத்து? கல்லூரி கோச்சுக்கு ஆட்டக்காரர்கள் சொந்தமில்லை. நன்றாக ஆடுகிற பையனை மூன்றாவது வருட முடிவிலேயே தொழில்முறை கிளப்கள் தூக்கிக்கொண்டு போய்விடும். அடுத்த ஆகஸ்டில் மீசை முளைக்காத புது முகங்கள் வந்து நிற்கும். நமக்கு ஜூன் மாதம் பத்தாம் வகுப்பில் வந்து உட்காருமே புதுக் கூட்டம், அதே மாதிரி. போன வருடப் பெருமை இந்த வருடத்துக்குச் செல்லாது.

அவரிடம் ஆடியவர்களில் பெரிய பெயர்கள் நிறைய. டியான் சாண்டர்ஸ் என்பவர் பின்னாளில் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் இரண்டிலும் இறுதித் தொடர் ஆடிய ஒரே ஆள். ஜே.டி. ட்ரூ 1997-இல் ஒரே பருவத்தில் 31 ஹோம் ரன் அடித்து, 32 முறை பேஸ் திருடினார். (பேஸ் திருடுவது விதிப்படி அனுமதிக்கப்பட்ட ஓட்டம்தான். டீச்சரம்மா பெயரைக் கேட்டு முகம் சுளித்தார்.) ஆனால் எனக்குப் பிடித்தது பஸ்டர் போஸி கதை.

போஸி ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஆட வந்த பையன். கிரிக்கெட்டில் பாயிண்டில் நிற்கும் துடியான ஃபீல்டர் மாதிரி அது. முதல் வருடம் அங்கே நன்றாகத்தான் ஆடினான். இரண்டாம் வருடம் மார்ட்டினும் உதவியாளர்களும் அவனைக் கேட்சராக மாற்றினார்கள். நன்றாக ஆடுகிற பையனை இடம் மாற்ற எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சரிப்படாமல் போனால் பையனின் பிழைப்பே கெடும், பழி கோச் தலையில். சரிப்பட்டது. 2008 மே மாதம் சவானா ஸ்டேட் அணிக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் அதே போஸியை ஒன்பது இடத்திலும் மாற்றி மாற்றி ஆடவிட்டார்கள். பந்தும் வீசினான். மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஒரு ஹோம் ரனும் அடித்தான். அந்த வருடமே சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டது. கேட்சராகவே நின்று 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர் ஜெயித்தான். 'ஜெயித்தார்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் மாணவனாகப் பார்த்த பையனுக்கு 'ர்' போட நமக்கு வருமா?

சரி, ஓமஹாவுக்கு வருவோம். நாடு முழுவதும் ஆடி ஆடிக் கழிந்து கடைசியில் எட்டு அணிகள் அங்கே போகும். இரண்டு தோல்வி கண்டால் வீட்டுக்கு. மார்ட்டின் கோச்சாக 17 முறை போனார். இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை வந்தார். 1986-இல் அரிசோனாவிடம் 10-2 என்று தோற்றார். அதுகூடப் பரவாயில்லை, அடித்துத் துவைத்துவிட்டார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். 1999-இல் தோற்றது 6-5. ஒரே ஒரு ரன். தோற்றதும் யாரிடம்? சொந்த மாநிலத்துப் பரம வைரி மயாமி பல்கலைக்கழகத்திடம். அன்றைக்கு இறுதி என்பது ஒரே ஆட்டம்தான். மூன்றில் இரண்டு ஜெயிக்கும் முறை 2003-இல்தான் வந்தது.

மாப்பிள்ளையும் அவர் நண்பர்களும் சொல்வார்கள்: ஒவ்வொரு ஜூன் மாதமும் டலஹாசியில் இதே பேச்சுதான். மற்ற நேரம் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்கள், ஓமஹாவிலிருந்து அணி திரும்பும்போது "பெரிய மேட்ச்னா இவருக்குக் கை நடுங்குது" என்பார்களாம். நம் ஊர் டீக்கடைக்கும் அந்த ஊருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

கை நடுங்கியதா, விதியா? இந்தக் கேள்வியை என் பழைய சகா, கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பேப்பரை எடுத்தார். எட்டு அணிகளும் சமபலம் என்று வைத்துக்கொள்ளுங்கள் சார். ஒரு தடவை போனால் கோப்பை கிடைக்காமல் போக வாய்ப்பு எட்டில் ஏழு. பதினேழு தடவை போய் ஒரு தடவைகூடக் கிடைக்காமல் போக வாய்ப்பு? எட்டில் ஏழை பதினேழு முறை பெருக்கினார். ஏறக்குறைய நூறுக்குப் பத்து. அதாவது மார்ட்டின் மாதிரி பத்துப் பேர் பதினேழு முறை ஓமஹா போனால், ஒரு தப்பும் செய்யாமலேயே ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார். அந்த ஒருவர் யாரோ ஒருவராக இருந்துதானே ஆக வேண்டும்!

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தாலும் முழுசாக ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்கள் அவர் அணி எட்டில் ஒன்றாகப் போகவில்லை, ஜெயிக்கும் என்று நம்பப்பட்ட அணியாகப் போனது. அங்கே ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. நீண்ட பருவத்துக்கு ஏற்ற நிதானமும் பத்து நாள் போட்டிக்கு வேண்டிய ஆவேசமும் ஒன்றல்ல என்பது என் ஊகம். ஊகம்தான்.

இன்னொரு மனிதரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆகி கரீடோ. கலிஃபோர்னியாக்காரர். இவரும் க்ளீவ்லாந்து கிளப்பின் மைனர் லீகில் ஆடி, மேலே போக முடியாமல் கல்லூரி கோச் ஆனவர்தான். ஃபுல்லர்ட்டனில் மூன்று, டெக்சஸில் இரண்டு என ஐந்து தேசியக் கோப்பை வாங்கினார். 1975 வெற்றிகள். கல்லூரி பேஸ்பாலின் முதல் தரப் பிரிவில் அதுதான் அதிகபட்சம். 2018 மார்ச் 15 அன்று கரீடோ காலமானார். அந்த வருடம் மே 5-ஆம் தேதி கிளெம்சன் அணியை 3-2 என்று வென்றபோது மார்ட்டினுக்கு அது 1976-ஆவது வெற்றி. ஐந்து கோப்பைக்காரரின் சாதனையை ஒரு கோப்பையும் இல்லாதவர் தாண்டினார், தாண்டப்பட்டவர் பார்க்க உயிரோடு இல்லை. அடுத்த மார்ச்சில், வர்ஜீனியா டெக் அணிக்கு எதிராக, 2000-ஆவது வெற்றியும் வந்தது.

ஆனால் அந்த 2019 பருவம் அவர் நினைத்தபடி போகவில்லை. வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபோது 36 வெற்றி, 21 தோல்வி. 39 வருடமாக விடாமல் எடுத்த 40 வெற்றி, 40-ஆவது வருடத்தில் அறுந்துபோகும் போலிருந்தது. தேசியப் போட்டிக்கு இடம் கிடைக்குமா என்பதே சந்தேகம். கடைசியாக இடம் கொடுத்த சில அணிகளில் ஒன்றாக உள்ளே போனார்கள். நான் டிவியில் பார்க்க ஆரம்பித்தது இந்தக் கட்டத்தில்தான்.

முதல் சுற்று ஜார்ஜியா மாநிலத்திலேயே, ஏதென்ஸ் என்ற ஊரில். நாங்கள் இருந்த மாநிலம், எங்கள் தெருவே ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் பக்கம். எங்கள் வீடு மட்டும் எதிர்க்கட்சி. முதலில் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கை 13-7 என்று வென்றார்கள். பிறகு ஜார்ஜியாவை அவர்கள் மைதானத்திலேயே 12-3, மறுபடியும் 10-1. மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் பேத்தி தூக்கத்திலிருந்து எழுந்து அழுதாள். இப்போது 39 வெற்றி.

அடுத்து லூசியானா, எல்.எஸ்.யூ. அணியின் கோட்டை. முதல் ஆட்டம் 6-4. அதுதான் 40-ஆவது வெற்றி! சங்கிலி அறவில்லை. இரண்டாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பன்னிரண்டு வரை இழுத்து 5-4. உள்ளேயே வர மாட்டார்கள் என்று நினைத்த அணி ஓமஹா போகிறது. எனக்கு அதுவரை ஹோம் ரன் எது, ஃபவுல் எது என்றே ஒழுங்காகத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

ஓமஹாவில் முதல் ஆட்டம் ஆர்கன்சாவுக்கு எதிராக 1-0. ட்ரூ பாரிஷ் என்ற பையன் எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசினான். "இந்த வருஷம் எழுதியிருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை. எழுதியிருக்கவில்லை. அடுத்த ஆட்டம் மிச்சிகனிடம் 2-0. பிறகு ஜூன் 19 அன்று டெக்சஸ் டெக்கிடம் 4-1. இரண்டு தோல்வி, கதை முடிந்தது. 1965-இல் ஆட்டக்காரராகப் போன அதே ஊரிலிருந்து, 54 வருடம் கழித்து, கடைசி முறையாகக் கோப்பை இல்லாமல் கிளம்பினார். மாப்பிள்ளை டிவியை அணைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மகள் காபி போட்டுக் கொண்டுவந்தாள். ஆறிப்போனது.

அதன் பிறகு அவர் மகன் மைக் மார்ட்டின் ஜூனியர் கோச் ஆனார். மூன்றே பருவம், 2022-இல் எடுத்துவிட்டார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே நடந்தது. இதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் புரியும். அந்த இடத்துக்கு வந்தவர் லிங்க் ஜாரெட். 1990-களின் தொடக்கத்தில் மார்ட்டினிடம் ஷார்ட்ஸ்டாப் ஆடியவர். அவரும் கொலராடோ ராக்கீஸ் கிளப்பின் மைனர் லீகில் சில வருடம் ஆடி, மேலே போகாமல் கோச் ஆனவர்தான். குருவின் தடம் அப்படியே.

மறதி நோய் முற்றி, 2024 பிப்ரவரி 1 அன்று மார்ட்டின் காலமானார். 80 வயது நிறைய இரண்டு வாரம்கூட இல்லை. அந்தப் பருவம் தொடங்கவும் சில நாட்களே இருந்தன. ஜூன் மாதம் ஜாரெட் தன் அணியோடு ஓமஹாவில் நின்றார். முதல் ஆட்டம் டென்னஸியிடம் கடைசி நிமிடத்தில் கைநழுவி 12-11. பிறகு வர்ஜீனியாவை வென்றார்கள், வட கரோலினாவை வென்றார்கள். மறுபடியும் டென்னஸி, 7-2, வெளியே. கோப்பை டென்னஸிக்குப் போனது. மாப்பிள்ளை எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் ஒரே வரிதான் இருந்தது: "மாமா, இந்த வருஷமும்."

மறுநாள் சொன்னபடி நம் தலைமை ஆசிரியருக்குப் போன் செய்தேன். இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், கணக்கு ஆசிரியரின் எட்டில் ஏழு உட்பட. பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "சார், மீட்டிங்ல இதைச் சொல்ல முடியாதே" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு நான் கேட்டேன், அந்த 61-ஆவது பையன் எந்தப் பாடத்தில் போனான் என்று. அறிவியலாம், மூன்று மார்க். அப்பா இல்லை, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டானாம். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி தேதி நெருங்குகிறது. "நானே இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் சார்" என்றார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது, தினம் ஒரு மணி நேரம் அறிவியல் சொல்லிக்கொடுக்க முடியுமானால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். நம்பர் தருகிறேன்.